சேலத்தில் சிறிய தொண்டு அமைப்புகள் சேர்ந்து வேலை செய்ய: காகிதம், பணம், தேதி

ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு ஏற்காட்டுப் பக்கம் ஏதாவது ஒரு மலைக் கிராமப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். சேலத்திலிருந்து இரண்டு மூன்று அமைப்புகள் தனித்தனியாக வண்டி பிடித்து ஏறி வந்து, ஒரே பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்திருப்பார்கள். மார்கழிக் குளிரில் ஒரு ஸ்வெட்டர் கொடுக்க ஆள் வராது. சேலத்தில் டிரஸ்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் செய்வது அடுத்தவருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் சில சிறிய அமைப்புகள் சேர்ந்து மலையில் எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கண் முகாம் நடத்த இறங்கியபோது, மனசு ஒத்துப்போவதில் சிரமமே இல்லை. காகிதம்தான் ஆளை அலைக்கழித்தது. எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பார்கள், யார் பெயரில் பில் வாங்க வேண்டும் என்று சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். ஏற்கெனவே பதிவு செய்து, வருஷத்துக்குச் சில லட்ச ரூபாய் வரவு செலவு பார்க்கும் அமைப்புகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சேர்ந்து வேலை செய்யலாம் என்று பேச்சு வந்ததுமே யாராவது ஒருவர் “ஒரு கூட்டமைப்பு பதிவு பண்ணிடலாமே” என்பார். வேண்டாம். தலைவர் யார், பொருளாளர் யார் என்பதிலேயே முதல் வருஷம் போய்விடும். புது பான், புது வங்கிக் கணக்கு, புது 12ஏ (வருமான வரி விலக்குக்கான பதிவு), புது ஆடிட் என்று செலவும் கூடும். இருக்கிற பதிவுகளை வைத்தே வேலை செய்ய வழி இருக்கிறது.

1. யார் இருக்கிறார்கள் என்று ஊரில் கேளுங்கள்

நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் மாவட்ட வாரியாக அமைப்புகளின் பட்டியல் கிடைக்கும். பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பட்டியலில் இருப்பவர்களில் பலர் இப்போது இயங்குவதில்லை. நன்றாக இயங்கும் சிலர் பட்டியலில் இல்லை.

உண்மையில் யார் வந்து போகிறார்கள் என்பது அங்கன்வாடி ஊழியருக்கும், கிராம சுகாதார செவிலியருக்கும், பள்ளித் தலைமையாசிரியருக்கும் தெரியும். மலையில் என்றால் எஸ்டேட் மேஸ்திரியையும் பழங்குடியினருக்கான லேம்ப் கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பவர்களையும் கேளுங்கள். “போன வருஷம் யார் வந்தாங்க? திரும்ப வந்தாங்களா?” இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம்.

கூட்டாளிகள் மூன்று பேர் போதும், மிஞ்சினால் நான்கு. மூவரும் ஒரே மாதிரி இருந்தால் பயனில்லை. ஒருவரிடம் பணம், ஒருவரிடம் ஆள், ஒருவரிடம் ஊர்ப் பழக்கம் என்று இருக்க வேண்டும். அரிமா, ரோட்டரி சங்கங்களிடம் மருத்துவமனைத் தொடர்பு இருக்கும். சேலம் அம்மாப்பேட்டையிலோ குகைப் பகுதியிலோ இருக்கும் இளைஞர் மன்றத்திடம் ஞாயிற்றுக்கிழமை வரக்கூடிய பையன்கள் இருப்பார்கள். மலையில் நாகலூரிலோ வாழவந்தியிலோ இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவுக்கு வீடு வீடாக ஆளைத் தெரியும். இந்த மூன்றாவது கூட்டாளி இல்லாமல் மலை ஏறாதீர்கள்.

2. ஒரு வேலை, ஒரு பகுதி

“கல்வி, சுகாதாரம், சுற்றுச்சூழல்” என்று ஆரம்பிக்காதீர்கள். முதல் வருஷம் ஒரே ஒரு வேலை. அதையும் கடைசி வரை யோசித்துவிட்டு எடுங்கள்.

கண் முகாமையே பாருங்கள். முகாம் நடத்துவது அரை நாள் வேலை. புரை என்று கண்டுபிடித்த பிறகுதான் வேலையே ஆரம்பம். கீழே மருத்துவமனைக்கு யார் கூட்டிப் போவது? துணைக்கு வரும் மகளுக்கு அன்றைய கூலி போகுமே, அதற்கு என்ன செய்வது? ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் பாட்டியிடம் டாக்டர், புகையில் இருக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புவார். எஸ்டேட் லைன் வீட்டில் விறகடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும். சமைக்கவும் வேறு ஆள் கிடையாது. எங்கள் கூட்டில் இருந்த மகளிர் குழு, பக்கத்து வீடுகளில் முறை வைத்துச் சோறு கொடுக்கவும் சொட்டு மருந்து போடவும் ஏற்பாடு செய்தது. சேலத்தில் உட்கார்ந்திருக்கும் எந்த டிரஸ்டாலும் இதைச் செய்ய முடியாது. சேர்ந்து வேலை செய்வதன் லாபம் இங்கேதான் இருக்கிறது.

தேதி குறிக்கும்போது கவனம். நவம்பர் வாக்கில் காபிப் பழம் பறிப்பு சூடுபிடித்துவிடும், ஜனவரி, பிப்ரவரி வரை போகும். அப்போது பகலில் வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள். மே மாதம் கோடை விழா. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கார்கள் நிற்கும், வண்டி வாடகையும் ஏறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதையில் போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். குப்பனூர் வழி இருக்கிறது என்றாலும் மழைக்காலத்தில் அதையும் நம்பித் தேதி கொடுக்காதீர்கள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் முதல் பாதி தோதான காலம்.

3. காகிதங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளுங்கள்

முதல் கூட்டத்திலேயே இதைச் செய்யுங்கள். தயங்க வேண்டாம், கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. ஒவ்வொரு அமைப்பும் ஒரு கோப்பில் வைத்திருக்க வேண்டியவை:

- டிரஸ்ட் பத்திரம், அல்லது சங்கப் பதிவுச் சான்றும் துணை விதிகளும்
- அமைப்பின் பான் அட்டை
- 12ஏ, 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் அனுமதி) உத்தரவுகளின் நகல்
- தர்ப்பண் எண்
- கடைசி மூன்று ஆண்டு ஆடிட் அறிக்கை
- ரத்து செய்த காசோலை ஒன்று
- இந்தக் கூட்டுப் பணிக்குச் சம்மதித்து, கையெழுத்துப் போடும் ஆள் யார் என்று சொல்லும் நிர்வாகக் குழுத் தீர்மானம்

இதில் நான்கு இடங்களில் கால் இடறும்.

ஒன்று, பெயர். பத்திரத்தில் ‘எஜுகேஷனல் அண்ட் சாரிட்டபிள் டிரஸ்ட்’ என்று இருக்கும். பானில் வெறும் ‘சாரிட்டபிள் டிரஸ்ட்’. வங்கிக் கணக்கில் மூன்றாவது ஒரு பெயர். மனிதர்களுக்கு எல்லாம் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு மூன்றும் வேறு வேறு. பான் திருத்தத்துக்குச் செலவு குறைவு. ஆனால் அது முடியாமல் மற்ற விண்ணப்பங்கள் நகராது என்பதால் முதலில் இதை முடியுங்கள்.

இரண்டு, 12ஏ-வின் ஆயுள். ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் என்ற காலம் போய்விட்டது. தற்காலிகப் பதிவு 3 ஆண்டுக்கு, முழுப் பதிவு வழக்கமாக 5 ஆண்டுக்கு; 2025 நிதிச் சட்டத்துக்குப் பிறகு, சிறிய அமைப்புகளுக்கு 10 ஆண்டுக்கு. காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு. பழக்கத்தில் எல்லோரும் 12ஏ, 80ஜி என்றுதான் சொல்கிறோம். விண்ணப்பிக்கும்போது எந்தப் படிவம் என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று, பத்திரத்தில் உள்ள நோக்கங்கள். கல்விக்கென்று மட்டும் எழுதி ஆரம்பித்த டிரஸ்ட், மருத்துவ முகாமுக்குச் செலவு செய்தால் ஆடிட்டர் பேனாவை மூடிவிடுவார். நோக்கத்தைத் திருத்தினால் வருமான வரித் துறைப் பதிவிலும் அதைக் காட்ட வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் இழுக்கும். அந்த வேலையைப் பொருத்தமான நோக்கம் உள்ள கூட்டாளியின் பெயரில் செய்துவிடுவது சுலபம்.

நான்கு, சங்கங்களுக்கு மட்டும். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தவர்கள், ஆண்டுக் கணக்கையும் நிர்வாகிகள் மாற்றத்தையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்துகொண்டே வர வேண்டும். பல சங்கங்கள் இதை வருஷக்கணக்கில் விட்டிருக்கும். இறந்துபோன செயலாளர் பதிவேட்டில் இன்னும் செயலாளராகவே இருப்பார். அபராதம் கட்டிச் சரிசெய்யும் வரை அந்தச் சங்கத்தின் கையெழுத்தை எதிலும் வாங்காதீர்கள்.

4. பணம் யார் கையில்?

கூட்டு முயற்சிகளில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இங்கேதான். முதல் வருஷத்துக்கு என் யோசனை: ஒருவர் பணத்தை ஒருவர் தொடாதீர்கள். செலவுகளைப் பிரித்துக்கொண்டு, அவரவர் பங்கை அவரவரே நேராகக் கடைக்காரருக்குக் கட்டட்டும். வண்டி ஒரு அமைப்பு, சாப்பாடு இன்னொரு அமைப்பு, கண்ணாடியும் மருந்தும் மூன்றாவது அமைப்பு. பணம் கட்டுகிறவர் பெயரில்தான் பில் இருக்க வேண்டும். அடிவாரத்தில் டிராவல்ஸ்காரர் ‘கேஷ் பில்’ என்று மொட்டையாக எழுதி நீட்டுவார். அங்கேயே நின்று, அமைப்பின் முழுப் பெயரையும் போடச் சொல்லி வாங்குங்கள்.

எல்லோரும் சேர்த்து ஒரே அமைப்பிடம் கொடுத்துச் செலவு செய்யலாமே என்றால், செய்யலாம். அதற்கு முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

12ஏ பதிவுள்ள ஓர் அமைப்பு, அதே பதிவுள்ள இன்னொரு அமைப்புக்கு நன்கொடை கொடுத்தால் அதில் 85 சதவீதம்தான் அறப்பணிச் செலவாகக் கணக்கில் வரும். 2023 நிதிச் சட்டத்தில் வந்த மாற்றம் இது. 1 லட்சம் கொடுத்தால் 85,000 ரூபாய்தான் செலவு. வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவு செய்தாக வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருப்பதால், மார்ச் மாதம் கணக்கு இடிக்கும். அந்தப் பணத்தை ‘கார்ப்பஸ்’ (நிரந்தர மூலநிதி) என்று குறிப்பிட்டுக் கொடுத்தால் செலவாகவே வராது. இதே 1 லட்சத்தை நீங்களே நேராகச் செலவு செய்தால் முழுதும் கணக்கில் வரும்.

வெளிநாட்டுப் பணம் என்றால் பேச்சே இல்லை. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தை (எஃப்.சி.ஆர்.ஏ.) திருத்தியதிலிருந்து, ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டு நிதியை வேறு அமைப்புக்கு மாற்றுவதற்கு முழுத் தடை. இருவரிடமும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருந்தாலும் கூடாது. இதில் பலரும் யோசிக்காத ஒன்று: அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட உங்கள் சித்தப்பா மகன் அனுப்பும் நன்கொடையும் வெளிநாட்டு நிதிதான். இந்திய பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அப்படி ஆகாது. அன்பாக அனுப்புகிறவரிடம் பாஸ்போர்ட்டைக் கேட்பது சங்கடம்தான். கேட்டுவிடுங்கள்.

80ஜி ரசீது யார் கொடுப்பது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். யார் கணக்கில் பணம் விழுகிறதோ அவர்தான் கொடுக்க முடியும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்காது. நிதியாண்டு முடிந்து மே 31-க்குள், யார் எவ்வளவு நன்கொடை கொடுத்தார்கள் என்ற 10பிடி அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகள் பணம் கொடுக்கும்போது எதுவும் கேட்க மாட்டார்கள். ஜூன் மாதம் சரியாக நன்கொடைச் சான்றிதழைக் கேட்டுப் போன் வரும்.

5. ஒப்பந்தம்: இரண்டு பக்கம், தமிழில்

இணையத்தில் கிடைக்கும் ஆங்கில மாதிரியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். சண்டை வரும் நாளில் அதை யாராலும் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. 20 ரூபாய் முத்திரைத் தாள் காலம் போய்விட்டது. நாங்கள் 200 ரூபாய் முத்திரைத் தாளில் எழுதினோம். நோட்டரி கையெழுத்து கட்டாயமில்லை, வாங்கினால் நல்லது. ஒவ்வொருவருக்கும் ஒரு அசல் வேண்டும் என்பதால் தாளின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குங்கள்.

என்ன வேலை, யார் பொறுப்பு, யார் எவ்வளவு செலவு, எந்தத் தேதி வரை என்பதெல்லாம் எல்லோரும் எழுதிவிடுவார்கள். எழுத மறப்பவை வேறு.

வாங்கிய பொருள் வேலை முடிந்தபின் யாருக்கு? புரொஜெக்டர், மடக்கு மேசை, எடை பார்க்கும் கருவி இவையெல்லாம் கடைசியில் யாராவது ஒருவர் வீட்டு மாடியில்தான் கிடக்கும். இப்படி ஒரு வரி போதும்: “இப்பணிக்காக வாங்கும் பொருள்கள், பணம் கட்டிய அமைப்பின் சொத்தாகவே இருக்கும், பணி முடிந்த 30 நாளுக்குள் அந்த அமைப்பிடம் ஒப்படைக்கப்படும்.”

அப்புறம் ஃப்ளெக்ஸ். சிரிக்காதீர்கள். யார் லோகோ முதலில், யார் படம் பெரியது என்பதில் பேச்சுவார்த்தை நின்றுபோன கூட்டணிகள் உண்டு. பெயர்கள் அகர வரிசையில், எல்லாம் ஒரே அளவில், ஆட்களின் படம் கிடையாது என்று எழுதிவிடுங்கள். குழந்தைகள், நோயாளிகள் படத்தைப் பெற்றோரோ அவர்களோ எழுத்தில் சம்மதிக்காமல் யாரும் முகநூலில் போடக்கூடாது என்பதும் அதிலேயே வரட்டும். ஆதார் எண், நோய் விவரம் எழுதிய பதிவேடு ஒரே இடத்தில் இருக்கட்டும், அதைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் பழக்கத்துக்கும் தடை போடுங்கள்.

பிரிய நினைப்பவர் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், ஒத்துக்கொண்ட செலவில் எதை முடித்துவிட்டுப் போக வேண்டும் என்பது கடைசி வரி. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிய நோயாளிகளை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போக வழி வைக்கக்கூடாது.

6. அனுமதிகள்

பள்ளிக்குள் போக வேண்டுமானால் தலைமையாசிரியர் சரி என்றால் மட்டும் போதாது. முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வேண்டும். தேர்வு நேரத்தில் கிடைக்காது. கண் முகாமுக்கு மருத்துவமனை, மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கம் வழியாகப் போகும். அதை மருத்துவமனையே பார்த்துக்கொள்ளும்படி பேசிவிடுங்கள். காப்புக்காட்டு எல்லைக்குள் மரம் நடுவதோ குப்பை பொறுக்குவதோ எதுவானாலும் வனத்துறையைக் கேட்காமல் கூடாது. எஸ்டேட் லைன்கள் தனியார் இடம். மேலாளரிடம் கடிதம் கொடுங்கள், சம்பள நாளைத் தவிர்க்கும் தேதியையும் அவரிடமே கேளுங்கள்.

ஊராட்சி ஆதரவுக்குக் கிராம சபைத் தீர்மானம் இருந்தால் மற்ற அலுவலகங்களில் பேச்சு சுருக்கமாக முடியும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒன்றரை மாதத்துக்கு மேலும் காத்திருக்க நேரும். அதனால் கடிதத்தை இரண்டு வாரம் முன்பே ஊராட்சிச் செயலாளரிடம் கொடுத்து, பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் கடிதம் ஓர் அலுவலகத்தில் காணாமலே போனது. “தபால்ல வந்திருக்காதுங்க” என்றார்கள். நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கி வைத்திருந்ததால் பிழைத்தோம். எந்த அலுவலகமானாலும் இரண்டு நகல், ஒன்றில் சீல். நகராத கோப்புக்கு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மனு எண் கிடைக்கும்.

7. பெரிய பணம்: நமக்கு நாமே, சி.எஸ்.ஆர்.

வகுப்பறை, குடிநீர்த் தொட்டி மாதிரிக் கட்டுமானம் என்றால் ‘நமக்கு நாமே’ திட்டம் நல்ல வழி. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரப்பில் கட்டினால் மீதியை அரசு போடும். தனி ஒரு டிரஸ்டுக்கு 2 லட்சம் மலைப்பு. மூன்று பேர் பிரித்துக்கொண்டால் 6 லட்ச ரூபாய் வேலை முடிகிறது. சேர்ந்து வேலை செய்ய இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியாது. முதலில் ஒன்றிய அலுவலகத்தில் மதிப்பீடு வாங்குங்கள், அப்புறம் வசூலுக்குப் போங்கள். மாற்றிச் செய்தால் வசூலித்த பணத்துக்கு ஊரே கணக்குக் கேட்கும்.

நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணத்துக்கு, வாங்குகிற அமைப்பிடம் 12ஏ, 80ஜி, மூன்று ஆண்டு அனுபவம், சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். பதிவுக்கு அரசுக் கட்டணம் இல்லை, ஆடிட்டரின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். மூன்று கூட்டாளிகளில் ஒருவரிடம் இருந்தாலும் அவர் பெயரில் விண்ணப்பிக்கலாம். ஆனால் மொத்தப் பணத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவரே. மற்றவர்களுக்கு அதில் பங்கு பிரித்துக் கொடுக்கலாம் என்று வாய்மொழியாகப் பேசிக்கொள்ளாதீர்கள். யார் என்ன செய்வார்கள் என்று நிறுவனத்துக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையிலேயே எழுதுங்கள். பொட்டனேரியில் ஜே.எஸ்.டபிள்யூ., சேலம் உருக்காலை போன்ற பெரிய ஆலைகள் பொதுவாகத் தங்கள் சுற்றுவட்டாரத்துக்கே முதலிடம் கொடுக்கும். மலைக் கிராமத்துக்குக் கேட்பதானால் அதற்கான காரணத்தை முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள்.

8. எவ்வளவு நாள் ஆகும்?

எல்லோருடைய காகிதமும் சரியாக இருந்தால் முதல் கூட்டத்திலிருந்து முதல் முகாம் வரை மூன்று மாதம் வையுங்கள். யாராவது ஒருவருக்கு 12ஏ புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதற்கே ஆறு மாதத்துக்கு மேல் ஆகலாம். அவர் காத்திருக்கட்டும், நீங்கள் வேலையை ஆரம்பியுங்கள். தர்ப்பணுக்கும் 12ஏ விண்ணப்பத்துக்கும் அரசுக் கட்டணம் கிடையாது. யாராவது இடைத்தரகர் “ஆபீஸ் செலவு” என்று தனியாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உண்மையான செலவு ஆடிட்டர் கட்டணம்தான். மூன்று அமைப்பும் ஒரே ஆடிட்டரிடம் போனால் பேரம் பேசலாம். அதைவிட, பில் குழப்பம் வந்தால் அவரே மூன்று பக்கமும் சரிபார்த்துச் சொல்லிவிடுவார்.

ஆடிட் அறிக்கைக்குக் கடைசி நாள் வழக்கமாக செப்டம்பர் 30. முகாம் ஆகஸ்டில் முடிந்தால் செப்டம்பரில் பொருளாளர்கள் யாரும் போன் எடுக்க மாட்டார்கள். ஆகவே முகாம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மூவரும் பில்களோடு உட்கார்ந்து, செலவுப் பட்டியலை ஒரே தாளில் எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.